நெற்றியில் போடாத சிலுவை

என் ராசா,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நீ படித்ததைவிட மேசைக்கடியில் ஒளித்து பிஸ்கட் தின்றதுதான் கூட என்று எனக்குத் தெரியும். மெதுவாக வாசி, எனக்கு அவசரம் இல்லை. ஏன் இவ்வளவு பாடுபட்டு எழுதுகிறாய், வாட்ஸ்அப்பில் குரலாகப் பேசி அனுப்பேன் என்று அப்பா சொல்கிறார். குரலில் சொன்னால் நான் பாதியில் கோபப்படுவேன், அதைக் கேட்டு உனக்கும் கோபம் வரும், பிறகு சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். எழுதினால் என் சத்தம் உனக்குக் கேட்காது. இந்த வயதில் என் வாயை அடக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

நேற்றுக் காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அப்பா போனைப் பார்த்தபடி, உங்கள் விண்வெளி விமானம் அடுத்த மாதம் முழு உயரத்துக்கும் போகப் போகிறதாம், முன்னால் இரண்டு பைலட், பின்னால் நீ என்று சொன்னார். அவன் சொன்னவனோ என்று கேட்டேன். இல்லை, கம்பனி அறிவித்திருக்கிறது என்றார். அதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, நீ என்னோடு நெடுநேரம் கதைத்தாய். என் பிரசர் குளிசையைப் பற்றிக் கேட்டாய். முழங்காலைப் பற்றிக் கேட்டாய். பக்கத்து வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டியின் பூனையைக்கூட விசாரித்தாய். பறக்கப் போவதைப் பற்றி மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. உன்னில் எனக்குக் கோபம் இல்லை, ராசா. நீ ஏன் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் நேற்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை, பருப்பை அடிப்பிடிக்க விட்டேன், அப்பா அதையே தின்றார்.

எங்கள் வீட்டில் யாரும் சும்மா வெளிக்கிடுவதில்லை. வாசலைத் தாண்டுமுன் பெற்றவர்கள் பெருவிரலால் பிள்ளையின் நெற்றியில் ஒரு சின்னச் சிலுவை போடுவோம். எங்கள் ஆட்கள் கடலுக்குப் போனாலும் போட்டார்கள், கப்பலேறினாலும் போட்டார்கள், குரோய்டனில் அகதி விசாரணைக்குப் போன அன்று உன் அப்பாவுக்கு நான் போட்டேன். உனக்கு நேர்சரிக்குப் போன முதல் நாளில் தொடங்கியது. பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போனதும் நண்பர்கள் வாசலில் நின்றால் உனக்கு வெட்கம், என்னைக் குசினி அடுப்படிக்குள் இழுத்துக்கொண்டு போய், கெதியாப் போடுங்கோ அம்மா என்பாய். கணக்குப் பரீட்சை அன்று மறந்துபோய் வெம்பிளி பார்க் ஸ்டேஷன் வரை போய்விட்டு வியர்த்து விறுவிறுத்துத் திரும்பி ஓடி வந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? சோதனைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, சிலுவை இல்லாமல் போகமாட்டேன் என்று நின்றாய். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமைதான் பின்னாளில் எனக்குக் கேடாக வந்தது.

நீ யூனிவர்சிட்டிக்குப் போன பிறகும், பிறகு அமெரிக்காவின் அந்தப் பாலைவனத்துக்குப் போன பிறகும் அதை விடவில்லை. வீடியோவில் நெற்றியைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவருவாய். போன் முழுக்க உன் நெற்றிதான் தெரியும், சின்ன வயதில் சைக்கிளால் விழுந்த தழும்பு உட்பட. நான் கண்ணாடியில் பெருவிரலால் போடுவேன். பல தடவை என் விரல் சிவப்புப் பட்டனில் பட்டு போன் கட் ஆகிவிடும். நீ சிரித்துக்கொண்டே திரும்ப எடுப்பாய். உன்னோடு வேலை செய்கிறவர்கள் பின்னால் நடமாடுவது தெரியும், உனக்கு அப்போது வெட்கமே இல்லை. குசினிக்குள் ஒளித்து வாங்கிய பிள்ளை இவ்வளவு வளர்ந்துவிட்டானே என்று நினைத்துக்கொள்வேன்.

உனக்கு இந்த பிளேன் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று சனம் கேட்கும்போதெல்லாம் அப்பாவைக் கைகாட்டுவேன். உண்மையில் அது என்னால் வந்தது. ஹீத்ரோவில் விமானத்துக்குச் சாப்பாடு அடைக்கிற ஷிப்டுக்குப் போய்வந்து, இன்றைக்கு எந்த பிளேனுக்கு அடைத்தேன், அது எந்த ஊருக்குப் போகும், எத்தனை மணித்தியாலம் பறக்கும் என்று உனக்குச் சோறு தீத்தும்போது கதை சொன்னவள் நான். அது இல்லாவிட்டால் நீ வாய் திறக்கமாட்டாய். எங்கள் ஊரில் குண்டு போட வரும் பிளேன் சத்தம் கேட்டால் பங்கருக்குள் பாய்ந்து படுத்தவள், இங்கே வந்து பிளேனுக்குத் தட்டு அடைத்தேன். அப்ப ஏனம்மா அந்த வேலைக்குப் போனீங்கள் என்று நீ ஒருநாள் கேட்டாய். கிடைத்த வேலைக்குப் போனேன், வேறு என்ன? சுருண்டு படுத்த அந்தப் பயம் மட்டும் என்னோடு ஹீத்ரோவுக்கும் வந்தது. ஒவ்வொரு பிளேன் எழும்பும்போதும் என் தோள் தானாகக் குறுகும். அதை நான் உனக்குச் சொன்னதில்லை. பிள்ளைக்கு நல்ல கதை மட்டும் சொன்னேன், பயத்தை என்னோடு வைத்துக்கொண்டேன். பிறகு அது வேறு வேஷத்தில் வெளியே வந்தது.

நீ எஞ்சினியராக வேலை எடுத்தபோது நான் மாதா கோயிலில் எல்லோருக்கும் கேக் கொடுத்தேன். எஞ்சினியர் என்றால் எனக்குத் தெரிந்தவரையில் மேசை, கதிரை, கம்ப்யூட்டர். நீங்கள் செய்கிற அந்தச் சாமானுக்குள் நீயும் ஏறிப் பறக்க வேண்டும் என்று சொன்ன அன்று எனக்குத் தலை சுற்றிவிட்டது. வோஷிங் மெஷின் செய்கிறவன் அதுக்குள்ள ஏறி நிண்டோ பாக்கிறான் என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அதில் நாளைக்குச் சாதாரணச் சனம் ஏறப் போகிறது, அவர்கள் இருக்கிற சீட்டில் முதலில் ஒருவன் இருந்து பெல்ட்டைக் கழற்றி, மிதந்து, திரும்ப வந்து சீட்டில் இருக்க ஏலுமா என்று பார்க்க வேண்டும், அந்த ஒருவன் நான் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாய். நான் விளங்காதவள் மாதிரி இருந்தேன். நன்றாக விளங்கியது.

அப்பாவுக்கோ தலைகால் தெரியாத புளுகம், அவ்வளவு சந்தோஷம். பஸ் ஓட்டிய மனுஷன், பென்சன் எடுத்ததிலிருந்து வேறு பேச்சு இல்லை. பெரிய பிளேன் ஒன்று உங்களுடையதை வயிற்றுக்கடியில் கொழுவிக்கொண்டு மேலே போகுமாம், உயரத்தில் கைவிடுமாம், அப்போது ராக்கெட் பற்றுமாம், ஒரு நிமிஷத்தில் வானம் கறுத்துவிடுமாம். அங்கே கொஞ்ச நேரம் மிதந்துவிட்டு விழுந்து, எஞ்சின் இல்லாமலே வழுக்கி வந்து ஓடுபாதையில் இறங்குமாம். எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு ஹாரோ ஏற்றத்தால நான் பஸ்ஸை இறக்கியிருந்தால் அண்டைக்கே வேலை போயிருக்கும் என்று சொல்லிச் சிரிப்பார். நீ டிக்கட் அனுப்பி இரண்டு பேரையும் உங்கள் பிளேன் பறக்கிறதைப் பார்க்கக் கூப்பிட்டபோது அவர் மட்டும் வந்தார். எனக்கு முழங்கால் ஏலாது என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது, ராசா. அந்த வாரம் முழுக்க ஈலிங் ரோட்டுக்கு நடந்து போய் நடந்து வந்தேன். அவர் மூக்குத் தோல் உரிந்து, தலையில் கம்பனித் தொப்பியோடு திரும்பி வந்து, நீ ஓடுபாதையில் என்னைத் தேடினாய் என்று சொன்னார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், நிமிர்ந்து பார்க்கவில்லை.

ரெபேக்காவுக்கு அடிபட்ட பிறகுதான் எனக்கு உண்மையிலேயே பேய் பிடித்தது. உங்கள் பைலட்தான், ஆனால் இந்த வீட்டில் அவள் வேறு யாரோ இல்லை. லண்டனுக்கு வந்தால் எங்கள் வீட்டில் கையால் புட்டும் நண்டுக்கறியும் தின்று, விரலை நக்குகிற பிள்ளை. ராக்கெட் பூட்டாமல் வழுக்கி இறங்கிப் பார்த்த பறப்பு ஒன்றில் சக்கரம் மடிந்து, பிளேன் வயிற்றால் தேய்ந்து போய், அவளுடைய கால் நொறுங்கிவிட்டது. நீ அன்று உள்ளே இல்லை. நீ போன் எடுத்து, அவளுக்கு உயிருக்கு ஆபத்தில்லை அம்மா என்று அழுதாய். நான் அவளுக்காக அழவில்லை. நீ உள்ளே இல்லை என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதைத் திருத்தி, சோதித்து, மெல்ல மெல்ல அவர்கள் திரும்பப் பறக்கத் தொடங்கினார்கள். பிறகு போன வருஷம், ராக்கெட் பற்றவைத்துப் பாதி உயரம் போகிற பறப்பில் உன் முறை வந்தது. உனக்குக் காலை, எனக்குப் பின்னேரம். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், அதற்கு முதல் எடுத்தேன் என்றாய். நீ போட்டிருந்த அந்த நீல உடுப்பு உனக்கு வடிவாக இருந்தது. அதையும் நான் சொல்லவில்லை. நீ வழமைபோல நெற்றியைக் கிட்டக் கொண்டுவந்தாய்.

“அம்மா, சிலுவை போடுங்கோ.”

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். “போடமாட்டன்” என்றேன். “நான் போடாட்டி நீ போகமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும்.”

நீ நெற்றியை எடுக்கவில்லை. உன் முகம் எனக்குத் தெரியவில்லை, அந்தத் தழும்பு மட்டும்தான் தெரிந்தது. “அம்மா, அங்க ரெண்டு பைலட் எனக்காகப் பாத்துக்கொண்டு நிக்கினம். பிளீஸ்.”

“நிக்கட்டும்.”

பிறகு தலையை எடுத்தாய். கண் சிவந்திருந்தது. சரி அம்மா என்றாய். நீ கட் பண்ணவில்லை, நான்தான் பண்ணினேன். அந்த முறை விரல் தவறிப் படவில்லை.

நீ போகமாட்டாய் என்றுதான் நினைத்தேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி ஓடி வந்த பிள்ளை அல்லவா, இன்னும் கொஞ்சத்தில் எடுத்து, அம்மா நான் போகேல்லை என்று சொல்வாய், நாலு நாள் கோபமாக இருப்பாய், பிறகு சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். உனக்கு அந்தச் சிலுவை எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டுதான் அதை மறித்தேன். யோசித்துப் பார், வேறு எந்தச் சனம் இப்படிச் செய்யும்? ரெபேக்காவின் தாய்க்கு ஏலுமா? அவளிடம் மறிக்க ஒன்றும் இல்லை, பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று வாயால் சொல்லியிருப்பாள். என்னிடம் ஆசீர்வாதம் இருந்தது. அதைப் பூட்டி வைத்துப் பிள்ளையைப் பிடிக்கலாம் என்று பார்த்தேன்.

அப்பா ஹோலில் டீவியில் நேரடியாகப் போட்டார். இஞ்சேர், பெரிய பிளேன் எழும்பிட்டுது, பிள்ளை உள்ளுக்கை இருக்கிறான் என்று கூப்பிட்டார். கோட்டைக் கொழுவிக்கொண்டு வெளியே இறங்கிவிட்டேன். எங்கே போகிறேன் என்று தெரியாமலே நடந்து, எங்கள் கோயில் வாசலில் போய் நின்றேன். கதவு பூட்டியிருந்தது. கிழமை நாளில் இங்கே எந்தக் கோயில் திறந்திருக்கிறது? பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று மாதாவே என்று தொடங்கினேன், அதற்குமேல் வரவில்லை. நான் கொடுக்கமாட்டேன் என்றதை மாதாவிடம் எந்த முகத்தோடு கேட்பது? பெருவிரலால் அந்தக் கதவுப் பலகையில் சிலுவை போட்டேன். திரும்பத் திரும்பப் போட்டேன். பள்ளிக்கூடம் விட்டுப் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். ஒரு பெண் வந்து, ஆர் யூ ஓகே லவ் என்று கேட்டாள். யெஸ், யெஸ் என்றேன்.

அப்பா போன் எடுத்து, இறங்கிட்டான் என்றார். படியில் இருந்துவிட்டேன். எழும்ப ஏலவில்லை. அன்று முழங்கால் உண்மையாகவே ஏலாமல் போனது. கொஞ்ச நேரத்தால் நீயே எடுத்தாய். அம்மா, நான் ஓகே என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? சாப்பிட்டியா என்று கேட்டேன். அவ்வளவுதான் வந்தது. மன்னிச்சுக்கொள் என்று சொல்ல அப்போது வாய் இருந்தது, போன் இருந்தது, நீயும் அந்தப் பக்கம் காத்துக்கொண்டு இருந்தாய். நான் சாப்பாட்டைக் கேட்டேன், நீ ஓம் அம்மா என்றாய், முடிந்தது.

அன்றிலிருந்து நீ நெற்றியைக் கொண்டுவருவதில்லை. ஒரு குறையும் சொல்லமாட்டேன், ஞாயிறு தவறாமல் எடுக்கிறாய், பிறந்தநாளுக்குப் பூ வருகிறது, அப்பாவின் கண் ஒப்பரேஷனுக்கு லீவு போட்டு வந்து நின்றாய். அன்றைக்குத் திரும்பிப் போகும்போதும் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்தாய், ஊபரில் ஏறினாய். என் கை பாதி எழும்பி நின்றது, நீ பார்க்கவில்லை. அல்லது பார்த்துவிட்டுப் பார்க்காதது மாதிரி ஏறினாய். எதிலே எப்போது பறக்கிறாய் என்பது எனக்கு அப்பா மூலம் வருகிறது. என்னோடு மரியாதையாகக் கதைக்கிறாய். முந்தி என்னோடு கத்துவாய், பகிடி பண்ணுவாய், விசர்க் கதை கதைக்காதேங்கோ அம்மா என்பாய். இந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை.

உயிர்த்த ஞாயிறுக்கு ரெபேக்கா வந்திருந்தாள், உனக்குச் சொல்லியிருப்பாள். ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் குசினியில் எனக்குத் தேங்காய் துருவித் தந்துகொண்டு, சாதாரணமாக ஒரு கதை சொன்னாள். நான் சிலுவையை மறித்த அந்தக் காலையில் நீ போனைக் கொடுத்துவிட்டு அவளிடம் போனாயாம். என் அம்மா செய்கிற ஒன்று இருக்கிறது, இன்றைக்கு அவவுக்குச் செய்ய ஏலவில்லை, நீ செய்கிறாயா என்று கேட்டாயாம். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. எப்படிப் போடுவது என்று தெரியாமல் பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் மறுக்குமாகக் கீறிவிட்டாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிழையாகப் போட்டுவிட்டேனா ஆன்ட்டி என்று கேட்டாள்.

நான் அடுப்பைக் குறைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன். எனக்கு முதலில் வந்தது பொறாமை, ராசா. உள்ளதைச் சொல்கிறேன். பிறகுதான் மற்றது விளங்கியது. அம்மா தரவில்லை என்று நீ அவளுக்குச் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஏலவில்லை என்று சொல்லியிருக்கிறாய். எரிகிற சாமானுக்குள் ஏறப் போகிற நேரத்திலும் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறாய். நான் ரெபேக்காவைக் கட்டிப்பிடித்து அழுதேன். கையெல்லாம் தேங்காய்ப்பூ, அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினால் புத்தி சொல்ல வேண்டுமாம். எனக்குத் தெரிந்தது கொஞ்சம். பயம் வந்தால் பயம் என்று சொல். நான் பயத்தைக் கோபமாக்கிச் சொன்னேன், வீம்பாக்கிச் சொன்னேன், முழங்கால் வருத்தமாக்கிக்கூடச் சொன்னேன். எனக்குப் பயமாக இருக்கிறது, ராசா என்று ஒரு நாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ அதற்கு ஒரு மறுமொழி வைத்திருப்பாய். நாளைக்கு உனக்கும் பிள்ளை பிறக்கும். அது ஏதோ ஒரு விசர் வேலைக்கு வெளிக்கிடும், உனக்குப் பயம் வரும். கத்து, சண்டை பிடி, சாப்பிடாமல் படு, அதெல்லாம் தாய் தகப்பன் செய்கிறதுதான். ஆனால் கொடுக்கிறதைக் கொடுத்துவிட்டுச் சண்டை பிடி. வெறும் வயிற்றோடு பறக்காதே என்றும் எழுத நினைத்தேன். சாப்பிட்டுவிட்டுப் பறந்தால் வயிறு பிரட்டிச் சத்தி வரும் என்று அப்பா சொல்கிறார், ஆகவே அதை விட்டுவிடு.

இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. உன்னை இனி முந்தின மாதிரிப் பார்க்காமலே அந்தக் கறுத்த வானத்துக்கு அனுப்பிவிடுவேனோ என்றுதான் கூடப் பயம். நான் அங்கே வரலாமா என்று நேற்று ரெபேக்காவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன், உன்னிடம் கேட்கத் துணிவு வரவில்லை. குடும்பத்து ஆட்கள் ஏணியடி வரைக்கும் வரலாம், பிளேனில் ஏறுமுன் ஒரு நிமிஷம் தருவார்கள் என்று சொன்னாள். அப்பா டிக்கட் போட்டுவிட்டார், இந்த முறை இரண்டு. உனக்கு நான் அங்கே நிற்பது பாரமாக இருந்தால் ஒரு சொல் அனுப்பு, வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். குறை நினைக்கமாட்டேன்.

பாரமில்லை என்றால் நான் ஏணியடியில் நிற்பேன். உன்னைப் போகாதே என்று சொல்ல வரவில்லை. அழுவேன், அதை மட்டும் மறிக்க ஏலாது. ஆனால் இத்தனை வருஷம் கண்ணாடியில் போட்டுப் போட்டு எனக்கு ஒன்று மறந்தே போய்விட்டது. நீ என்னைவிட எவ்வளவு உயரம்! நான் வேறு இப்போது இன்னும் கட்டையாகிவிட்டேன். நேற்றுப் பின்னேரம் அப்பாவைக் கதவடியில் நிற்கவைத்து, அவருக்கு மேலே உன் உயரத்தைக் கணக்குப் பண்ணிப் பார்த்தேன், என் தோளும் முந்தி மாதிரி எழும்பாது, கையைத் தூக்கினால் என் விரல் உன் வாய் வரைக்கும்தான் வரும். நீயாகக் குனிந்தால்தான் நெற்றி எட்டும். குனி என்று கேட்கிற உரிமையை நான் அன்றைக்கே தொலைத்துவிட்டேன், அதனால் கேட்கமாட்டேன். நீ ஏறிப் போகும் மட்டும் கையைத் தூக்கியபடி நிற்பேன்.